கம்பெனி பஸ் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள்

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஓர் ஆலை. அங்கே சிலிக்கான் தட்டுகளின் மேல் டயோடுகளும் டிரான்சிஸ்டர்களும் லட்சக்கணக்கில் பதிக்கப்படுகின்றன. அந்தத் தட்டுகள் வந்து சேரும் ஊர்களில் ஒன்று நம் சிரம்பான். துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் நெக்ஸ்பீரியா நிறுவனத்தின் ஆலை அவற்றைப் பொடிப்பொடியாக அறுத்து, கம்பி இணைத்து, கறுப்புப் பிசின் உறை போட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து, சுருள் சுருளாகச் சுற்றி உலகுக்கு அனுப்புகிறது. உங்கள் கைபேசிக்குள்ளோ காரின் கதவுக்குள்ளோ அதில் ஒன்றிரண்டு இப்போதே இருக்கலாம்.

கொஞ்சம் தள்ளி, செனாவாங்கில் ஆன்செமி. மோட்டோரோலாவின் செமிகண்டக்டர் பிரிவிலிருந்து 1999-இல் பிரிந்து வந்த நிறுவனம் இது. சிரம்பானிலேயே சாம்சங் எஸ்.டி.ஐ.யும் இருக்கிறது. டிவி படக்குழாய் செய்ய வந்த ஆலை, அந்தக் காலம் முடிந்ததும் பேட்டரிக்கு மாறிக்கொண்டது. 2022-இல் அங்கே இரண்டாவது பேட்டரி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

சிரம்பானின் தெமியாங் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களில் இந்தப் பெயர்களைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘கம்பெனி’ என்றால் உடனே தெரியும். பெரியம்மா கம்பெனியில் இருந்தவர், அத்தை கம்பெனியில் இருபது வருஷம், அண்ணன் இப்போது நைட் ஷிப்ட். சில்லுத் தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதாக வந்த கனவே இல்லை. பல பத்தாண்டுகளாக வீட்டு வாசலில் நிற்கும் பஸ் அது.

ஆனால் அந்தச் சில்லை வரைந்தவர் யார், அது சரியாக வேலை செய்கிறதா என்று முதன்முதலில் பார்த்தவர் யார், அது உட்காரும் பலகையை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால், நம் வீடுகளில் பதில் அரிதாகவே கிடைக்கும். கணினி வன்பொருள் பொறியாளர் என்ற வேலைக்கு எப்படிப் போவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப்போகிறது.

எட்டுச் சாமுராய்களும் நம் அக்காமார்களும்

1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்தார். இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் என எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. ‘எட்டுச் சாமுராய்’ என்று அவற்றைப் பினாங்கில் இன்றும் சொல்வார்கள். இன்டெலுக்கு அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் ஆலை. 1975-இல் அந்த ஆலை தீக்கிரையானது. இன்டெல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பாமல் மறுபடி கட்டியது. மலேசிய மின்னணுத் தொழிலின் பின்னாளைய கதை ஒருவேளை அந்த முடிவால்தான் இப்படி அமைந்தது.

பினாங்கில் பிடித்த சுடர் சுங்கைவே, சிரம்பான் என்று பரவியது. அதே பத்தாண்டுகளில் தோட்டங்கள் சுருங்கின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பிறகு செம்பனை நின்ற இடத்திலும் வீடமைப்பு எழுந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் விடியுமுன் பிரட்டுக் களத்துக்குப் போவதற்குப் பதிலாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த வேலை லேசானதல்ல. ஆரம்ப காலத்தில் தங்கக் கம்பி இணைப்பு என்பது நுண்ணோக்கியைப் பார்த்தபடி கையால் செய்யும் வேலை. கம்பியின் தடிமன் ஏறத்தாழ 25 மைக்ரோன், அதாவது தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் என்ன ஆகும் என்று அந்தத் தலைமுறையிடம்தான் கேட்க வேண்டும். 1980களில் தானியங்கி இயந்திரங்கள் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டன. ஆனால் ஒரு விஷயம் தங்கிவிட்டது: நம் ஆட்கள் என்றால் வரிசையில் உட்காருபவர்கள், மிஞ்சிப்போனால் டெக்னீஷியன் என்ற எண்ணம். நிறுவனங்களுக்கு மட்டுமில்லை, நம் வீட்டுக்குள்ளேயும் அந்த எண்ணம் இருக்கிறது.

உலகில் நடக்கும் சில்லு உறையிடல், சோதனை வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது அமைச்சர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. பெருமைதான். ஆனால் ஒரு சில்லின் விலையில் பெரும்பங்கு, அதை வரைந்தவருக்கும் சிலிக்கானில் பதித்தவருக்கும் போகிறது. உறை போட்டவருக்குக் கிடைப்பது மிச்சம்.

‘கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பிரிண்டரைப் பாரு’

கணினிப் பொறியியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் உறவினர் வீட்டு விசேஷத்தில் இந்த வாக்கியத்திலிருந்து தப்பியதில்லை. கணினி பழுது பார்ப்பது மதிப்புள்ள தொழில், அது வேறு. வன்பொருள் பொறியாளர் பார்க்கும் வேலை, அந்தக் கணினி உருவாவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஒரு செயலி என்னென்ன செய்ய வேண்டும் என்று முடிவாகிறது. அதை வெரிலாக் போன்ற மொழியில் எழுதுகிறார்கள். பார்வைக்கு மென்பொருள் நிரல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் கடைசியில் ஒரு மின்சுற்றாகிறது. எழுதியதை இன்னொரு குழு குறுக்கு விசாரணை செய்கிறது; இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். மூன்றாவது குழு அந்தச் சுற்றுகளைச் சிலிக்கான் மேல் எங்கே எப்படி வைப்பது, மின்சமிக்ஞை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உரிய நேரத்தில் போய்ச்சேருமா என்று கணக்குப் போடுகிறது. வடிவம் ஆலைக்குப் போய் முதல் சில்லு திரும்பி வந்ததும், ஆய்வுக்கூடத்தில் ஒரு குழு அதைச் சூடாக்கி, குளிர வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாடாய்ப் படுத்துகிறது. சோதனை நிரல் எழுதுபவர் தனி. கெட்டுப்போன சில்லைத் திறந்து ஏன் செத்தது என்று பார்ப்பவர் தனி. சில்லு உட்காரும் தாய்ப்பலகையை வடிவமைப்பவர் தனி. இத்தனை பேருக்கும் பொதுவான பெயர்தான் வன்பொருள் பொறியாளர்.

இவர்களில் குறுக்கு விசாரணை செய்கிறவர்களின் அருமை உலகுக்குப் புரிந்தது 1994-இல். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் கற்பித்த தாமஸ் நைஸ்லி, பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விடை எங்கோ இடறியது. தன் நிரலைச் சந்தேகித்தார், கணினியைச் சந்தேகித்தார், கடைசியில் குற்றவாளி இன்டெலின் பென்டியம் செயலி என்று தெரிந்தது. வகுத்தல் கணக்குக்காக உள்ளே வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதியது. மென்பொருளில் பிழை வந்தால் மறுநாள் திருத்தி அனுப்பலாம். சிலிக்கானில் பதிந்துவிட்ட பிழையைப் பெரும்பாலும் அப்படித் தரவிறக்கத்தால் திருத்த முடியாது. அதனால்தான் இன்று ஒரு சில்லுத் திட்டத்தில் பாதிக்கு மேல் உழைப்பு சரிபார்ப்புக்கே போகிறது. வேலைவாய்ப்பும் அங்கேதான் அதிகம். நம் பிள்ளைகள் பலர் கேள்வியே படாத துறையும் அதுதான்.

பதினாறு வயதில் மூடும் கதவு

இந்த வேலைக்குப் போகும் வழி எங்கே அடைபடுகிறது? பல்கலைக்கழக வாசலில் என்று பலர் நினைக்கிறார்கள். இட ஒதுக்கீடு, மெட்ரிகுலேஷன் இடம் என்று ஆண்டுதோறும் நம் பத்திரிகைகளில் சண்டை நடப்பதும் அந்த வாசலில்தான். அந்தச் சண்டை நியாயமானது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, நான்காம் படிவத்தில், சத்தமில்லாமல் ஒரு கதவு மூடிவிடுகிறது.

2020-இலிருந்து அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிவினை கிடையாது. மாணவர் பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்காமல் விட்டால் மின்னணுப் பொறியியலுக்கான நேர்வழி அத்தோடு அடைபடும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. 2021-இல் தொடக்கப்பள்ளித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். போனது, 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 போனது. அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கு ஐந்தாம் படிவ எஸ்.பி.எம்.தான் முதல் அரசாங்கத் தேர்வாக அமைந்தது. பிள்ளை கணக்கில் எங்கே நிற்கிறது என்று தோட்டத்து அப்பா அம்மாவுக்குத் தெரியவரும்போது பாடங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ‘கூடுதல் கணிதம் கஷ்டமாம், எடுக்க வேண்டாம்னு சொன்னாங்க’ என்ற ஒரு வரியில் ஒரு பொறியாளர் காணாமல் போகிறார். அறுபது விழுக்காட்டு மாணவர் அறிவியல் படிக்க வேண்டும் என்று அரசாங்கம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இலக்கு வைத்தது; நாடு முழுதும் இன்னும் அதை எட்டவில்லை. ஆகவே இது நம் சமூகத்தின் குறை மட்டுமல்ல. ஆனால் டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டில் இதன் அடி பலமாக விழுகிறது.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் உண்டு. டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல ஊர்களில் இந்திய மாணவர்களுக்கு வகுப்பு நடத்தி ஒரு தலைமுறையையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அறிவியல் செய்துபார்க்க வைத்த பெருமை, டாக்டர் முகமது யூனுஸ் முகமது யாசின் முன்னின்று நடத்திய அஸ்தி இயக்கத்தின் அறிவியல் விழாவுக்கு உண்டு. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் தங்கம் வாங்கிய செய்தியும் படமும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. பத்து வயதில் சென்சாரும் மின்கலமும் வைத்து எதையாவது செய்து காட்டும் அதே பிள்ளை, பதினாறு வயதில் இயற்பியல் வேண்டாம் என்கிறது. நடுவில் இருக்கும் ஆறு ஆண்டுகளுக்குத்தான் நம்மிடம் இயக்கம் இல்லை.

கதவு மூடிய பிறகும் ஒரு பக்கவழி இருக்கிறது. சுற்று வழிதான், ஆனால் போய்ச் சேரும் வழி. எஸ்.பி.எம்.மில் கணிதமும் அறிவியலும் சுமாராக இருந்தாலும் பொலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். 1990-இல் தொடங்கிய போர்ட்டிக்சன் பொலிடெக்னிக் தெமியாங்கிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. மின்னியல் துறை அங்கே பழைய துறை. ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. அறவாரியம் சிரம்பானில் டேஃப் கல்லூரியையும் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியதும் இந்த மாதிரிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான். டிப்ளோமாவை நல்ல புள்ளியோடு முடித்தால் மலாக்காவின் யூடெம், பெர்லிஸின் யூனிமேப், ஜொகூரின் யூ.டி.எச்.எம்., பகாங்கின் யூ.எம்.பி.எஸ்.ஏ. என்ற நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் பட்டத்துக்கு முயலலாம். யூனிமேப்பும் யூடெம்மும் கணினிப் பொறியியலைத் தனிப் பட்டமாகவே நடத்துகின்றன. பட்டம் எடுத்தபின் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். படித்த பட்டம் வாரியம் அங்கீகரித்ததா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. தொழில்நுட்பப் பட்டமும் பொறியியல் பட்டமும் பெயரில் ஒன்றுபோலத் தோன்றும். முன்னதுக்கு வேறு வாரியம், வேறு பதிவு.

பணம் வருகிறது, ஆள் வேண்டும்

2024 மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தார். குறைந்தது 2,500 கோடி ரிங்கிட் அரசாங்க ஆதரவு, 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவது என்பவை அதன் முக்கிய எண்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா திறந்தது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம்: 25 கோடி டாலர் கொடுத்து வடிவமைப்பு உரிமங்களைப் பெறுவது, 10,000 பொறியாளருக்குப் பயிற்சி. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்கைசிப் என்ற உள்நாட்டு நிறுவனம் மார்ஸ்1000 என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை வெளிக்காட்டியது.

அறிவிப்புகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அறுபதாயிரம் என்ற எண்ணை மேடையில் சொல்வது சுலபம். அத்தனை பேருக்கும் சரிபார்ப்பு கற்பிக்கும் ஆசிரியர்களைத் தேடுவது கடினம். சில்லுத் தொழில் ஏறி இறங்கும் தொழிலும்கூட. 2021-இல் பினாங்கில் 3,000 கோடி ரிங்கிட் முதலீடு என்று அறிவித்த இன்டெல், 2024 ஆகஸ்டில் உலகம் முழுவதும் 15,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. சம்பளக் கதையும் உண்டு. அனுபவம் சேர்ந்த பொறியாளர் கடலிடுக்குப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் அதே வேலைக்குச் சம்பளம் ரிங்கிட் கணக்கில் சில மடங்கு பெருகுகிறது. இங்கே பயிற்சி பெற்று அங்கே வேலைக்குப் போவதைத் துரோகம் என்று பேசுவதில் பயனில்லை. குடும்பக் கடனும் பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் இருக்கும் பிள்ளை வேறென்ன செய்யும்?

இருந்தாலும் பூச்சோங் என்ற ஊர்ப்பெயரை நெகிரி செம்பிலான் குடும்பங்கள் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். இதுவரை சில்லு வடிவமைப்பு என்றால் பினாங்குதான். இன்டெலும் அல்டெராவும் 1990களில் அங்கே வடிவமைப்பு மையங்களை நிறுவிய பிறகு, படித்து முடித்த பிள்ளை பஸ் ஏறி வடக்கே போக வேண்டியிருந்தது. முக்கியமாகப் பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வீடு யோசித்தது. பூச்சோங்கோ சிரம்பானிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்.

உச்சத்தில் மலேசிய மண்ணில் பிறந்தவர்கள் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பிராட்காம் நிறுவனத்தின் தலைவர் ஹொக் டான் பினாங்குக்காரர். உபகாரச் சம்பளத்தில் எம்.ஐ.டி. போனவர். 2025 மார்ச்சில் இன்டெலின் தலைமைப் பொறுப்பேற்ற லிப்-பூ டான் பிறந்தது மூவாரில். நம் தமிழ்ப்பிள்ளைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சென்னையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் இயக்குநர் வி. காமகோடி இளநிலைப் பட்டம் படித்தது ஐ.ஐ.டி.யில் இல்லை, சென்னைக்கு வெளியே உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில். அவர் தலைமையில் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் சேர்ந்து ‘சக்தி’ என்ற செயலி வரிசையை வடிவமைத்தார்கள். 2018-இல் அதன் முதல் சில்லு இன்டெலின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது. அதே ஆண்டு இன்னொன்று சண்டிகருக்கு அருகிலுள்ள அரசாங்க ஆலையில் 180 நானோமீட்டரில் உருவானது.

‘சக்தி’க்கு அடித்தளம் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கியது. இதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர் போன்ற மென்பொருள்களும் இலவசம். சுமாரான மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும், ஐந்தாம் படிவப் பிள்ளை வீட்டிலேயே சிறிய செயலி ஒன்றை எழுதி ஓட்டிப் பார்க்கலாம். 2022-இல் தொடங்கிய டைனி டேப்அவுட் திட்டத்தில் பலருடைய சிறு வடிவங்களை ஒரே சில்லில் சேர்த்து உண்மையான ஆலையில் பதித்துக் கொடுக்கிறார்கள். பள்ளி ஒன்றோ ஆலய இளைஞர் பிரிவு ஒன்றோ மனம் வைத்தால் தாங்கக்கூடிய செலவுதான். திருவிழா ஒலிபெருக்கி வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள்.

இப்போது டிப்ளோமாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் உடனடியான காரியம் ஒன்று உண்டு. தொழிற்பயிற்சிக்கு மனுப் போடும்போது பெரும்பாலானவர்கள் செனாவாங்கிலும் துவாங்கு ஜாஃபாரிலும் பராமரிப்புப் பிரிவைக் கேட்கிறார்கள். தெரிந்த அண்ணன் அங்கே இருப்பார், போய்வரவும் வசதி. அதே ஆலைகளில் சோதனைப் பொறியியல் பிரிவும் பழுது ஆய்வுக்கூடமும் இருக்கின்றன. சோதனை நிரல் எழுதக் கற்றவருக்குச் சில்லு உள்ளே எப்படிப் பேசுகிறது என்பது புரியத் தொடங்கும். அங்கிருந்து சில்லு சரிபார்ப்புக்கும், அதிலிருந்து வடிவமைப்புக்கும் நகர்ந்தவர்கள் இந்தத் தொழிலில் புதிதல்ல. விண்ணப்பப் பாரத்தில் விரும்பும் பிரிவு என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘சோதனைப் பொறியியல்’ என்று எழுதுங்கள். கூடவே, சொந்தமாக எழுதிய பத்துப் பக்க வெரிலாக் நிரலையும் இணைத்து அனுப்புங்கள். நேர்முகத்தில் உட்காரும் பொறியாளர் புள்ளிப்பட்டியலுக்கு முன்பே அதைத்தான் புரட்டுவார்.